மாடி அறை வெக்கை: தட்டோடு, தெர்மோகோல், வெள்ளைப் பூச்சு, ஃபால்ஸ் சீலிங் ஆகியவற்றில் கடலோர வீட்டுக்கு எது பொருந்தும்?

மஞ்சக்குப்பம் வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 2009-இல் கட்டிய எங்கள் வீட்டின் மாடியில் இரண்டு அறைகள் இருக்கின்றன. மேல்தளம் ஐந்து அங்குலக் கான்கிரீட். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்கு வெதரிங் கோர்ஸ் போட்டுத் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதித்திருக்கிறோம். 2015 நவம்பர் வெள்ளத்தில் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் வந்ததிலிருந்து என் தாயார் கீழே படுக்க மறுத்து மாடி அறைக்கே குடிவந்துவிட்டார். அவருக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது. அடுத்த அறையில் மட்டும் ஏசி இருக்கிறது.

பங்குனி பிறந்தால் ஆவணி வரை மாலை ஆறு மணிக்கு மேல் கூரை அனலாகிவிடுகிறது. வெளியே கடற்காற்று வீசிக்கொண்டிருக்கும் வேளையிலும் உள்ளே மின்விசிறி வெந்நீர் ஆவியைப் போன்ற காற்றைத்தான் கீழே தள்ளுகிறது. நள்ளிரவுக்குப் பிறகே தூங்க முடிகிறது. இது போதாதென்று, 2024-இல் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் தென்மேற்கு மூலையில், கைப்பிடிச்சுவர் தளத்தைத் தொடும் இடத்தில் ஓதம் இறங்கி உட்சுவரின் பெயின்ட் உப்பி உதிர்கிறது.

மூவரைக் கேட்டதில் மூன்று விதமான பதில் கிடைத்தது. பெயின்ட் கடைக்காரர் வெள்ளைக் கூலிங் பூச்சு அடித்தால் போதும் என்கிறார். உள் அலங்கார வேலை செய்பவர் கண்ணாடிப் பஞ்சு வைத்து ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்கிறார். எங்கள் பழைய மேஸ்திரியோ தட்டோட்டின் மேலேயே தெர்மோகோல் பரப்பி, இன்னொரு அடுக்குத் தளம் போட்டு, புதிய கூலிங் டைல்ஸ் பதித்துவிடலாம் என்கிறார். இவற்றில் எது மெய்யாகப் பயன் தரும், எது வெறும் செலவு என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

லாஸ்பேட்டை மேற்பார்வையாளர்

வணக்கம் ஐயா. கட்டட மேற்பார்வைப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். வெக்கையையும் ஓதத்தையும் நீங்கள் இரண்டு தொல்லைகளாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே நோயின் இரண்டு அடையாளங்களாகத்தான் தெரிகின்றன. பகலில் உங்கள் கான்கிரீட் தளம் சூடேறி நீள்கிறது, விடியற்காலையில் குளிர்ந்து சுருங்குகிறது. பத்து மீட்டர் நீளமுள்ள தளத்தின் வெப்பநிலை 25 டிகிரி ஏறி இறங்கினால் அது ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் நகரும். கைப்பிடிச்சுவர் அதோடு சேர்ந்து நகராது. ஆகவே இரண்டும் சந்திக்கும் கோட்டில் மயிரிழை விரிசல் விழுகிறது, ஐப்பசி மழை அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. எனவே எந்தப் பொருளை வாங்குவது என்பதற்கு முன்னால், அதைத் தளத்துக்கு மேலே வைப்பதா கீழே வைப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டும்.

முதலில் தட்டோட்டைப் பற்றி. வெதரிங் கோர்ஸ் வெப்பத்தைத் தடுக்கிறது என்று நம் பக்கத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். அது தண்ணீரை வாட்டம் பார்த்து ஓடவிடுவதற்கும் தளத்தை நேர் வெயிலிலிருந்து சற்றுக் காப்பதற்கும் போடப்படுவது. இந்திய தர நிர்ணய அட்டவணைகளில் கான்கிரீட்டின் வெப்பக் கடத்து எண் 1.58, சுண்ணாம்பு ஜல்லிக்கு 0.73, செங்கல்லுக்கு 0.81 என்று இருக்கும். தெர்மோகோலுக்கு இது ஏறத்தாழ 0.035 முதல் 0.04 வரை, எக்ஸ்பிஎஸ் என்னும் அழுத்திய நுரைப் பலகைக்கு 0.03-ஐ ஒட்டி, பஃப் எனப்படும் பாலியூரித்தேன் நுரைக்கு 0.025-ஐ ஒட்டி வரும். எண் சிறியதாக இருந்தால் தடை அதிகம். அதாவது உங்கள் மூன்று அங்குலச் சுண்ணாம்பு ஜல்லி முழுவதும் செய்யும் வேலையை மூன்று, நான்கு மில்லிமீட்டர் நுரைப் பலகை செய்துவிடும்.

இதையே கூரை முழுவதற்கும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு எத்தனை வாட் வெப்பம் இறங்குகிறது என்பதை யு-மதிப்பு என்பார்கள். ஒன்றும் போடாத ஐந்து அங்குலத் தளத்துக்கு அது 3.3 அளவில் வரும். ஜல்லியும் தட்டோடும் போட்டபின் 2.3 ஆகும். அதோடு 25 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் சேர்ந்தால் 0.8 ஆகும், 50 மில்லிமீட்டர் சேர்த்தால் 0.5 ஆகும். வீடுகளுக்கான மைய அரசின் 2018-ஆம் ஆண்டு எக்கோ நிவாஸ் சம்ஹிதா கூரைக்கு வைத்த மேல் வரம்பு 1.2. முதல் ஓர் அங்குலம் கொடுக்கும் ஆதாயம் பெரிது, இரண்டாவது அங்குலத்தின் ஆதாயம் மிகச் சிறிது என்பதை இந்த எண்களிலேயே காணலாம். நூற்றிருபது சதுர அடி அறைக்கு மேலே தட்டோடு 60 டிகிரியிலும் உள்ளே 35 டிகிரியிலும் இருந்தால், இப்போது 600 வாட்டுக்கு மேல் உங்கள் தாயாரின் தலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்கிறது. இஸ்திரிப் பெட்டி ஒன்றை மாலை முழுவதும் அணைக்காமல் கூரையில் தொங்கவிட்டது போன்ற நிலை அது. 25 மில்லிமீட்டர் பலகை அதை ஏறக்குறைய 200 வாட்டுக்குக் கொண்டுவரும்.

வெள்ளைப் பூச்சின் வழி வேறு. அது வெப்பத்தைத் தடுப்பதில்லை, வெயிலை ஏறவிடாமல் திருப்பி அனுப்புகிறது. சாம்பல் நிறக் கான்கிரீட்டும் பழைய தட்டோடும் தம்மீது விழும் வெயிலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். நல்ல வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது கால் பங்குக்கும் குறைவாகவே உறிஞ்சும். நம் ஊர் ஏறத்தாழ 11.7 பாகை அட்சரேகையில் இருப்பதால் சித்திரை முதல் வாரத்தில் ஒருமுறையும் ஆவணி முதல் வாரத்தில் ஒருமுறையும் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. ஆகவே வீட்டின் மற்றெந்தப் பக்கத்தையும்விடக் கூரைதான் அதிக வெயிலை வாங்குகிறது, பூச்சுக்கும் இங்கே வேலை அதிகம். குறை என்னவென்றால், ஒரு கார்த்திகை மழை போனதும் பாசி படிந்து கறுத்துவிடும். ஆண்டுதோறும் தை மாதத்தில் தேய்த்துக் கழுவ மனம் உள்ளவர்களுக்கு மட்டுமே அது பயன் தரும். அப்படிக் கழுவுபவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

முத்தியால்பேட்டை ஆசிரியை

ஃபால்ஸ் சீலிங் பற்றி என் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் மாடிப் படுக்கையறையில் ஜிப்சம் பலகையும் அதன் மேல் இரண்டு அங்குலக் கண்ணாடிப் பஞ்சும் போட்டோம். முதல் கோடையில் வேறுபாடு நன்றாகத் தெரிந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஏசி போட்டால் அறை விரைவில் குளிர்ந்தது, மின்கட்டணமும் குறைந்தது. இரண்டாம் ஆண்டு மழையில் தளத்தில் எங்கோ கசிந்த நீர் பஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாததால் பல வாரங்கள் ஊறிக்கிடந்து, பலகையில் மஞ்சள் வட்டம் விழுந்தபோதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. பிரித்துப் பார்த்தபோது பஞ்சு நனைந்து தட்டையாகியிருந்தது, பலகையின் மறுபுறம் முழுவதும் கரும்பூஞ்சை. அதைவிடக் கவலை தந்தது, கான்கிரீட்டின் அடியில் கம்பி துருப்பிடித்து ஓரிடத்தில் பூச்சு பிளந்து நின்ற காட்சி. ஃபால்ஸ் சீலிங் இல்லாமல் இருந்திருந்தால் முதல் நாளே கறையைப் பார்த்திருப்போம்.

இன்னொன்றையும் கவனித்தேன். உயரம் ஒன்பதே முக்கால் அடியாக இருந்த அறை எட்டேமுக்கால் அடியாகிவிட்டதால், மின்விசிறியின் தண்டைச் சுருக்கி மாட்ட வேண்டியதாயிற்று. ஏசி போடாத இரவுகளில் புழுக்கம் முன்பைவிடக் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஏற்கெனவே ஓதம் இறங்கும் கூரைக்கு அடியில் இதைப் போடாதீர்கள், சகோதரரே.

லாஸ்பேட்டை மேற்பார்வையாளர்

அம்மையார் சொல்வது முற்றிலும் சரி. அதற்குக் காரணமும் உண்டு. வெப்பத்தடையைத் தளத்துக்கு அடியில் வைத்தால், கான்கிரீட் பகல் முழுவதும் வெயிலில் வேகிறது. கீழே வெப்பத்தை இறக்கவும் வழியில்லாததால் முன்பைவிடச் சூடாகி, முன்பைவிட நீள்கிறது, விரிசல் மேலும் திறக்கிறது. வடநாட்டு வறண்ட ஊர்களில் இது ஓரளவுக்குச் சமாளிக்கத்தக்க குறை. உப்புக்காற்றும் ஈரப்பதமும் சேர்ந்த நம் கடற்கரையில் கம்பிக்கு அது ஆகாது. வாடகை வீட்டிலோ, மாடித்தளம் நமக்கு உரிமையில்லாத அடுக்குமாடியிலோ இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை. அவர்களும் பஞ்சுக்குப் பதிலாக நீர் குடிக்காத நுரைப் பலகையைத் தேர்ந்தெடுத்து, ஓரிடத்தில் திறந்து பார்க்கும் மூடி வைத்துக்கொள்வது நல்லது.

பாகூர் நெல்வயல்

ஓட்டு வீடும் ஷீட் வீடும் உள்ளவர்களுக்காகச் சிறிது எழுதுகிறேன், கேள்வி கேட்டவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டு மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட ஓர் அறை இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியபோது பழைய ஷீட்டுகள் பாதி பறந்துவிட்டன. ஷீட்டைச் சட்டத்தோடு பிணைக்கும், துருப்பிடித்த ஜே போல்ட்டுகள் முறிந்ததே அதற்குக் காரணம். மறுபடியும் போட்டபோது அடியில் குமிழி வைத்த அலுமினியத் தாளைக் கட்டினேன். பளபளப்பான பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். ஆனால் மேல்நோக்கிய பக்கத்தில் இரண்டு ஆண்டுகளில் தூசி படிந்து மங்கிவிட்டது. கீழ்நோக்கிய பக்கம் இன்றும் பளபளப்பாக இருக்கிறது. அந்தத் தாள் ஷீட்டோடு ஒட்டிக் கிடந்தால் பயனில்லை, பளபளக்கும் பக்கத்தை ஒட்டி ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி வேண்டும் என்பதையும் பிறகுதான் கற்றேன்.

என் மைத்துனர் அதே அளவு அறைக்கு இரண்டு தகடுகளுக்கு நடுவே பஃப் நுரை வைத்த 50 மில்லிமீட்டர் பேனல் போட்டார். வெப்பத்தில் இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை, அவருடைய அறைதான் குளிர்ச்சி, மழைச் சத்தமும் குறைவு. ஆனால் பேனலின் வெட்டிய விளிம்புகளைத் தகட்டால் மூடாமல் விட்டதால் எலி நுரையைக் குடைந்து கூடு கட்டிவிட்டது. பஃப், தெர்மோகோல் இரண்டுமே தீப்பற்றினால் கரும்புகையைக் கக்குபவை என்பதால், சமையல் நடக்கும் இடத்துக்கு மேல் அவற்றைத் திறந்தபடி விடக்கூடாது. தீக்கு அஞ்சுபவர்களுக்கு எரியாத பொருள் ராக்வூல் என்னும் பாறைப் பஞ்சு. அதற்கும் கண்ணாடிப் பஞ்சைப் போலவே ஈரம் எதிரி.

தட்டோட்டின் மேல் தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டால் போதும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையில் அதற்கு ஈடான நிழல் எதுவும் இல்லை. ஒரு தீப்பொறிக்கும் ஒரு புயலுக்கும் அது தாங்காது, அவ்வளவுதான்.

மஞ்சக்குப்பம் வாசி

அனைவருக்கும் நன்றி. ஃபால்ஸ் சீலிங் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். மேற்பார்வையாளர் ஐயாவிடம் மூன்று ஐயங்கள். மேஸ்திரி சொல்வதுபோல் இருக்கும் தட்டோட்டை உடைக்காமல் அதன் மேலேயே போடலாமா? ஏசி இல்லாத என் தாயாரின் அறைக்கும் ஏசி உள்ள அறைக்கும் ஒரே தடிமன் போதுமா? மாலையில் மாடியில் தண்ணீர் தெளிப்பது பழக்கமாக இருக்கிறது, அதைத் தொடரலாமா?

லாஸ்பேட்டை மேற்பார்வையாளர்

மேலேயே போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஐயா. பாரத்தைக் கணக்கிடுங்கள். இப்போதுள்ள ஜல்லியும் தட்டோடும் சதுர மீட்டருக்கு 170 முதல் 180 கிலோ வரை எடையிருக்கும். நுரைப் பலகைக்கு எடை இரண்டு கிலோகூட இல்லை. ஆனால் அதன் மேல் இரண்டு அங்குலக் கான்கிரீட் பூச்சும் புதிய டைல்ஸும் போட்டால் இன்னொரு 150 கிலோ ஏறும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு வழக்கமாகக் கணக்கில் எடுக்கும் நடமாட்டப் பாரமே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோதான். அதை முழுவதும் நிரந்தரச் சுமையாகவே தின்றுவிட்டால், திருமணத்துக்குப் பந்தல் போட்டு நூறு பேர் உட்காரும் நாளில் தளம் எதைத் தாங்கும்? தவிர, கசிகிற ஜல்லியின் மேல் மூடி போட்டால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பழையதை எடுத்துவிட்டுப் போட்டால், மொத்தப் பாரம் இப்போதுள்ளதைவிடச் சற்றுக் குறையவே செய்யும். ஜல்லி போய்விட்டதால் தடை குறையுமே என்று அஞ்ச வேண்டாம். 25 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் இருந்தால் யு-மதிப்பு அப்போதும் 0.8-ஐ ஒட்டியே நிற்கும்.

வரிசை முக்கியம். பழையதை எடுத்துத் தளத்தைக் கழுவி, விரிசல்களை அடைத்து, கைப்பிடிச்சுவர் சந்திப்பில் வளைவாகப் பூசி, நீர்த்தடைப் பூச்சைச் சுவரில் ஓர் அடி உயரம் வரை ஏற்றுங்கள். பிறகு மடை கட்டி மூன்று நாள் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். கீழே ஒரு துளி ஓதமும் இல்லையென்று தெரிந்த பின்னரே பலகையைப் பரப்ப வேண்டும். அதன் மேல் துணிப் படலம், மெல்லிய கம்பி வலை வைத்த கான்கிரீட், நூற்றுக்கு ஒன்று என்ற வாட்டம், கடைசியில் வெளிர்நிற டைல்ஸ். நீர்த்தடை பலகைக்கு அடியில் இருப்பதால் வெயில் அதைத் தொடாது, நீண்ட நாள் உழைக்கும். இந்த அமைப்பில் பலகை சற்று நனையக்கூடும் என்பதால்தான் தெர்மோகோலைவிட நீர் குடிக்காத எக்ஸ்பிஎஸ்ஸைச் சொல்கிறேன். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் வரிசையை மட்டும் சொல்லிவிடுகிறேன். தெர்மோகோல் மலிவு, எக்ஸ்பிஎஸ் அதற்கு மேல், தளத்தின் மேல் தெளிக்கும் பஃப் நுரை பெரும்பாலும் அதற்கும் மேல். தெளிக்கும் நுரை வெயில் பட்டால் மஞ்சளித்துப் பொடியாகிவிடும் என்பதால் அதற்கும் மேல் மூடி வேண்டும்.

தடிமனைப் பொறுத்தவரை, ஏசி அறைக்கு 50 மில்லிமீட்டர் போட்டால் அது மின்கட்டணத்தில் ஓரளவு திரும்பி வரும். ஏசி இல்லாத அறை இரவில் ஜன்னல் வழியாகவும் கூரை வழியாகவும் குளிர்வது. கூரையைக் கனமாகப் போர்த்திவிட்டால் இரவில் மேலே வெளியேறும் வெப்பமும் தடைபடும். ஆகவே அங்கே 25 மில்லிமீட்டரும் வெள்ளை டைல்ஸும் சேர்ந்த கூட்டே சிறந்தது. மாலை வெயில் சாயும் வரை மேற்கு ஜன்னலை மூடி வைத்து, கடற்காற்று வரும் கிழக்கு ஜன்னலை இரவு முழுவதும் திறந்து வையுங்கள். சுவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் மேற்குச் சுவருக்குப் பொருள் எதுவும் ஒட்டத் தேவையில்லை, நிழல் கொடுத்தால் போதும். நெய்வேலிச் சாம்பல் கல்லில் கட்டினால் வீடு குளிர்ச்சி என்ற பேச்சும் உண்டு. அது நல்ல கல், ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் சூளைச் செங்கல்லுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த, இலேசான ஏஏசி கான்கிரீட் பிளாக்கைத்தான் அந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

தண்ணீர் தெளிப்பதை இன்றே நிறுத்துங்கள். கடற்கரை ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு இருந்தால், விரிசல் வழியாகக் கம்பிக்கு நீங்களே தினமும் உப்பு ஊட்டுகிறீர்கள்.

வைசியாள் வீதிப் பழைய வீடு

பழைய வீடுகள் எப்படிக் குளிர்ந்தன என்று யாரும் குறிப்பிடாததால் எழுதுகிறேன். நான் வளர்ந்த வீட்டில் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் சிறிய செங்கற்களைச் சுண்ணாம்பில் குத்துக்காக நிறுத்தி, அதன் மேல் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து அடித்த செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, அதன் மேல் தட்டோடு. கூரை பதினான்கு அடி உயரத்தில் இருந்தது, நடுவில் முற்றம். அந்தக் கூரையும் மாலையில் சூடாகத்தான் இருக்கும். அவ்வளவு உயரத்திலிருந்து அந்தச் சூடு நம் தலையில் இறங்காது, முற்றம் மிச்சத்தை இழுத்துக்கொள்ளும். பத்தடி உயரக் கான்கிரீட் அறைக்கு அந்தத் தட்டோட்டை மட்டும் எடுத்து வந்துவிட்டு, குளிர்ச்சியையும் அது கொண்டுவரும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

புதுச்சேரியில் கான்கிரீட்டிலேயே வேறு விடை கண்ட கட்டடமும் உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியை கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வடிவமைக்க, 1937-இல் வேலை தொடங்கியது. அதன் தளத்தின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை அடுக்கி, இரண்டுக்கும் நடுவில் காற்று உலவ இடம் விட்டிருக்கிறார்கள். வெயிலை மேல் ஓடு வாங்கிக்கொள்கிறது, தளம் நிழலில் இருக்கிறது. சூரிய மின்தகடுகளைச் சற்று உயர்த்திப் பொருத்துபவர்களுக்கும், அவர்கள் அறியாமலே, ஏறக்குறைய இந்தப் பயன் கிடைக்கிறது. புயலுக்கு ஏற்றபடி சட்டத்தைத் தளத்தில் உறுதியாகப் பிணைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

மஞ்சக்குப்பம் வாசி

தட்டோட்டை எடுத்துவிட்டு எக்ஸ்பிஎஸ் போடுவதென்று முடிவு செய்துவிட்டேன். வரும் ஐப்பசிக்கு முன் முடித்துவிடலாமா, காத்திருப்பதா?

லாஸ்பேட்டை மேற்பார்வையாளர்

காத்திருங்கள். ஆவணி முடியப்போகும் நேரத்தில் மேல்தளத்தை உடைத்துத் திறந்துவிட்டு, புரட்டாசியில் முன்மழை பிடித்துக்கொண்டால் இரண்டு அறைகளும் குளமாகும். இந்த மழையில் எந்தெந்த இடத்தில் ஓதம் இறங்குகிறது என்று உட்கூரையில் பென்சிலால் வட்டமிட்டுத் தேதி எழுதி வையுங்கள். தை பிறந்ததும் உடைத்தால், பங்குனிக்குள் எல்லாம் உலர்ந்து முடிந்துவிடும். அதுவரை மூலை விரிசலுக்கு மட்டும் நெகிழ்வான அடைப்புப் பசை வைத்துச் சமாளியுங்கள்.

பலகை வாங்கும்போது ஒரு சிறு தராசைக் கையோடு கொண்டு போங்கள். ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ அடர்த்தி என்று சொல்லி விற்கும் 25 மில்லிமீட்டர் பலகை, சதுர மீட்டருக்கு 800 கிராம் நிற்க வேண்டும். 600 கிராம்தான் காட்டினால், அட்டைப்பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.